படகின் பேரில் பற்று: மரீனாக்களுக்கும் படகுப் பட்டறைகளுக்கும் பில்லிங் மென்பொருள் தேர்வது

2023 அக்டோபர் 3ஆம் தேதியோடு ‘குவிக்புக்ஸ் டெஸ்க்டாப் பாயின்ட் ஆஃப் சேல்’ என்ற பில்லிங் மென்பொருளுக்கு இன்ட்யூட் நிறுவனம் மூடுவிழா நடத்திவிட்டது. வேண்டுமானால் ஷாப்பிஃபைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குக் கைகாட்டியும் விட்டது. துணிக்கடை, பொம்மைக்கடை வைத்திருப்பவர்களுக்கு அதில் பெரிய சிரமம் இல்லை. அடுத்த வருடம் குவிக்புக்ஸ் டெஸ்க்டாப் கணக்கு மென்பொருளின் ப்ரோ, பிரீமியர் பதிப்புகளை அமெரிக்காவில் புதியவர்களுக்கு விற்பதும் நின்றது. கம்ப்யூட்டரில் ஒருமுறை ஏற்றிவிட்டால் பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்றிருந்த சிறு வியாபாரிகள் புதிதாகத் தேடத் தொடங்கினார்கள். அந்தத் தேடலில் மரீனாக்காரர்கள், படகுப் பட்டறைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். சாதாரணக் கடை மென்பொருள் எதுவும் அவர்கள் தொழிலுக்கு லேசில் பொருந்துவதில்லை.

மரீனா என்றதும் சுண்டலும் மணலும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். இங்கே பேசுவது, சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் மாத வாடகையோ வருட வாடகையோ கட்டிப் படகை நிறுத்தும் துறையைப் பற்றி. கூடவே எண்ணெய் பம்பு, ஒரு சின்னக் கடை, பல இடங்களில் ரிப்பேர் பட்டறையும் இருக்கும். இதற்கு பிளோரிடாவை உதாரணமாக எடுத்துக்கொள்வது வசதி. வருடம் பூராவும் அங்கே படகு ஓடுகிறது, வரிச் சட்டம் நுணுக்கமானது, புயலும் உண்டு. மென்பொருளைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடினமான இடம் கிடைக்காது.

ஃபோர்ட் லாடர்டேல் நகரில் நியூ ரிவர் ஓரத்துப் பட்டறை ஒன்றுக்கு 42 அடிப் படகு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ராவல் லிஃப்ட் என்கிற, சக்கரம் வைத்த ராட்சதக் கிரேன், அடியில் இரண்டு பட்டைகளைக் கொடுத்துப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறது. தூக்குக்கூலி அடிக்கணக்கில். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் பிரஷர் பம்பு வைத்துக் கழுவுவதற்குத் தனிக் கூலி. கட்டை கொடுத்து நிறுத்திய பிறகு முதல் சில நாள் இலவசம், அதற்கு மேல் நாள் வாடகை. கடல்நீர் உலோகத்தை அரிக்காமலிருக்க ப்ரொப்பெல்லர் தண்டில் மாட்டும் துத்தநாகக் கட்டிகள் நாலு, கடை அலமாரியிலிருந்து போகின்றன. அடிப் பெயின்ட் இரண்டரை காலன். காலன் 200 டாலருக்கு மேல் போகிற சரக்கு அது. டின்னில் மிஞ்சிய அரை காலனை யார் தலையில் எழுதுவது என்பதிலேயே தகராறு வரும். வெல்டிங்குக்கு வெளியாள் வருகிறார். வேலை பாதியில் நிற்கும்போது மெக்கானிக் கூப்பிட்டு, “தண்டு பேரிங் போயிடுச்சு, மாத்தட்டுமா?” என்கிறார். “மாத்துங்க” என்கிறார் கேப்டன். ஆனால் படகு கேப்டனுடையது அல்ல. அது ஒரு கம்பெனியின் பேரில் இருக்கிறது, பணம் கட்டப்போவது வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்காளர். கிளம்பும்போது 300 காலன் டீசல், கடையில் இரண்டு தொப்பி, ஒரு மூட்டை ஐஸ்.

இதில் தொப்பியும் ஐஸும் மட்டும்தான் சாதாரண பில்லிங் மென்பொருளுக்குப் புரிகிற பாஷை. மீதி எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் படகின் கணக்கில், யார் சொல்லி ஏறியது? மென்பொருளைத் தேர்வதில் வேறு எந்த வசதியையும்விட இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கல்லா எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சியின் கடல்சார் சட்டப்படி ஒரு படகுக்கு ரிப்பேர், எரிபொருள், உலர்துறை போன்ற தேவைகளைக் கொடுத்தவருக்கு அந்தப் படகின் மேலேயே பற்றுரிமை, அதாவது பாக்கிக்குப் படகையே பிணையாகக் கொள்ளும் உரிமை, உண்டு. சொந்தக்காரரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ சொல்லிச் செய்திருக்க வேண்டும். கேப்டனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேலே சொன்ன “மாத்துங்க” ஒரு வார்த்தைக்குப் பல ஆயிரம் டாலர் மதிப்பு. பிளோரிடா மாநிலச் சட்டத்தில் இன்னொரு பிரிவு, 328.17, நிறுத்தக் கட்டணம் பாக்கி வைத்த படகை, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலேயே விற்க மரீனாவுக்கு வழி செய்கிறது. இந்த உரிமையெல்லாம் கையில் இருக்க வேண்டுமானால் பில்லில் படகு தெரிய வேண்டும். எந்தப் படகு, என்ன வேலை, யார் ஒப்புதல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? வெறும் ஆள் பேரும் தொகையும் உள்ள பில், வழக்கு என்று வந்தால் நொண்டியடிக்கும்.

படகின் பெயரை நம்பிப் பயனில்லை, கைமாறும்போது பெயரும் மாறிவிடும். 1972 நவம்பர் 1 முதல் கட்டப்படும் படகுகளுக்கு அமெரிக்காவில் 12 எழுத்து-எண் கொண்ட உடல் அடையாள எண் கட்டாயம். படகு இருக்கும்வரை அது மாறாது. ஆகவே விற்பனையாளர் மென்பொருளைக் காட்ட வரும்போது முதலில் கேட்க வேண்டியது, “இந்தப் படகை இன்னொருவருக்கு விற்றுக் காட்டுங்கள்” என்பதுதான். நல்ல மென்பொருளில் படகின் ரிப்பேர் வரலாறு படகோடு போகும், பாக்கி பழைய ஆளோடு நிற்கும். படகை வாடிக்கையாளரின் கீழே ஒரு குறிப்பாக மட்டும் எழுதி வைத்திருக்கிற மென்பொருள் இங்கே விழிக்கும். பெரும்பாலான பில்லிங் மென்பொருள்கள் இந்த ஒரு கேள்வியிலேயே கழன்றுவிடும்.

சந்தையில் இருப்பவற்றைப் பிறந்த இடத்தை வைத்துப் பார்த்தால் குணம் புரியும். ஸ்கொயர், க்ளோவர், ஷாப்பிஃபை போன்றவை கடை கவுண்டரில் பிறந்தவை. டாக்வா, ஸ்நாக்-எ-ஸ்லிப் இரண்டும் வழிப்போக்குப் படகுகளுக்கு இரவுக்கணக்கில் இடம் பிடித்துக் கொடுப்பதில் தொடங்கியவை, லாட்ஜ் அறை பதிவதற்குச் சமானம். மோலோ மாத வாடகை, ஒப்பந்தம் பக்கம் பலமானது. இப்போது அது ஸ்டோரபிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஸ்டோரபிளின் தாய்த்தொழில், வீட்டுச் சாமான் போட்டுவைக்க வாடகைக்கு விடும் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுவது என்பதையும் கவனிக்க வேண்டும். டாக்மாஸ்டர் பட்டறைப் பக்கத்திலிருந்து, அதாவது வேலைச்சீட்டு, உதிரிபாகம், மெக்கானிக் நேரம் என்ற பக்கத்திலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் ஸ்லோவேனியாவின் மரீனா மாஸ்டர், பிரிட்டனின் ஹேவன்ஸ்டார், ஹார்பர் அசிஸ்ட் என்று வேறு வரிசை. ஒரு எச்சரிக்கை: லைட்ஸ்பீட் என்ற பேரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று மான்ட்ரியலைச் சேர்ந்த கடை-ஹோட்டல் மென்பொருள், மற்றது படகும் மோட்டார்சைக்கிளும் விற்கும் டீலர்களுக்கானது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒன்றின் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு மற்றதைப் பற்றி முடிவெடுப்பவர்கள் உண்டு.

இவை எல்லாமே இன்று ‘எல்லாம் செய்வோம்’ என்றுதான் சொல்லும். செய்யவும் செய்யும். ஆனால் பிறந்த இடத்தில் உள்ள பிடி, பின்னால் ஒட்டவைத்த பகுதியில் இருக்காது. பட்டறை வருமானம் அதிகமுள்ள இடத்தில் வேலைச்சீட்டைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். மெக்கானிக் தன் போனிலேயே மணி தொடங்கி நிறுத்த முடிகிறதா? எஸ்டிமேட்டுக்கு மேல் போகும்போது கூடுதல் வேலைக்குத் தனி ஒப்புதல் வாங்கி, அதை நேரத்தோடு பதிவு செய்கிறதா? கடை அலமாரியிலிருந்து எடுத்த துத்தநாகக் கட்டி ஸ்டாக்கில் குறைந்து வேலைச்சீட்டில் ஏறுகிறதா, அல்லது யாராவது இரண்டாவது முறை தட்டச்சு செய்ய வேண்டுமா? வெளியாள் வெல்டரின் பில் வருவதற்கு முன் படகு கிளம்பிவிட்டால் அந்தச் செலவு எங்கே தொங்கும்? எஞ்சின் கம்பெனிகள் பழைய பாக எண்ணை ரத்து செய்து புது எண் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பழைய எண்ணைத் தேடினால் புதியது வருகிறதா? கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அலமாரியில் இருக்கிற சாமானையே இல்லை என்று நினைத்து மறுபடி ஆர்டர் போடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து வரி. கொள்ளை பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பிளோரிடாவில் விற்பனை வரி 6 சதவீதம். ஃபோர்ட் லாடர்டேல் இருக்கும் ப்ராவர்ட் கவுண்டி அதன்மேல் 1 சதவீதம் போடுகிறது. பொருள் விற்கும்போது கவுண்டி வரி முதல் 5,000 டாலருக்கு மட்டும்தான். படகு நிறுத்தும் வாடகைக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ரிப்பேரில் வெறும் உழைப்பு மட்டும் என்றால் வரி இல்லை. ஆனால் ஒரு சின்ன பாகம் சேர்ந்தாலும், உழைப்பையும் சேர்த்து முழு பில்லுக்கும் வரி. அதாவது வேலைச்சீட்டில் ஒரு பாகம் கூடினால் மேலே உள்ள எல்லா இனங்களின் வரிக்கணக்கும் மாற வேண்டும். வரிசை வரிசையாகத் தனித்தனியே வரி போடப் பழகிய கடை மென்பொருளுக்கு இது ஏறவே ஏறாது. படகு விற்பனையில் மாநில வரி 18,000 டாலரோடு நின்றுவிடும், அதாவது மூன்று லட்சம் டாலருக்கு மேல் எத்தனை விலையானாலும் அவ்வளவுதான். ரிப்பேரில் 2015 முதல் ஒரு வேலைக்கு 60,000 டாலர் உச்சம். பத்து லட்சம் டாலரைத் தாண்டும் பெரிய யாட்டு வேலைக்குத்தான் அது பொருந்தும். ஆனால் அப்படிப்பட்ட வேலைக்கு ஒரே பில் போடமாட்டார்கள், மாதாமாதம் பகுதி பில் போகும். எல்லா பில்லிலும் கட்டிய வரியைக் கூட்டி வைத்து உச்சம் தொட்டதும் நிறுத்தத் தெரிந்த மென்பொருள் வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் பிளோரிடா வணிகக் கட்டட வாடகைக்கு இருந்த விற்பனை வரியை எடுத்துவிட்டது. படகு நிறுத்தும் கட்டணத்துக்கு வரி அப்படியே இருக்கிறது. இரண்டையும் ‘வாடகை’ என்ற ஒரே தலைப்பில் போட்டு வைத்திருந்த மரீனாவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்ட வரியை மாநிலம் கடைக்காரரிடம்தான் கேட்கும். ஆகவே வரித் தலைப்புகளை நாமே பிரித்து அமைக்க முடிகிறதா, இல்லை விற்பனையாளர் அலுவலகத்தில் யாரையாவது கெஞ்ச வேண்டுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேறு நாட்டுக்குப் போனால் கதை வேறு. குரோஷியாவில் 2013 முதல் ரொக்க பில் ஒவ்வொன்றும் அந்தக் கணமே வரித்துறைக்குப் போய் ஒரு குறியீடு வாங்கி வர வேண்டும். நம் ஊர் ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல் போன்ற ஏற்பாடுதான், ஆனால் ஒரு கப் காபி பில்லுக்கும் சேர்த்து. அதைச் செய்யத் தெரியாத அமெரிக்க மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏட்ரியாட்டிக் கரையில் உதவாது.

எண்ணெய் பம்பு தனி உலகம். பம்பும் பில்லிங் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளாத இடத்தில் பையன் மீட்டரைப் பார்த்துக் கையால் எண்ணைப் போடுகிறான். 381.6 காலனை 318.6 என்று மாற்றிப் போட்டால், காலன் நாலரை டாலர் வீதம் 283 டாலர் 50 சென்ட் கடலில் போச்சு. கில்பார்கோ, வெய்ன், காஸ்பாய் என்று பம்பு எதுவோ, அந்த மாடலோடு இணைத்து ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மரீனாவின் பேரைக் கேட்டு வாங்கி, அங்கே போன் போட்டு விசாரிக்காமல் பம்பு இணைப்பை நம்பிப் பணம் கட்டக் கூடாது. டீசலில் இன்னொரு சிக்கல் உண்டு. சிவப்புச் சாயம் கலந்த டீசலுக்குக் காலனுக்கு 24.3 சென்ட் கூட்டாட்சிச் சாலை வரி கிடையாது. படகில் ஊற்றலாம், ஆனால் ட்ரக்கில் ஊற்றி ரோட்டில் ஓட்டினால் 1,000 டாலர் அல்லது காலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது அபராதம். பிரிட்டனில் உல்லாசப் படகுக்காரர் சிவப்பு டீசல் வாங்கும்போது எவ்வளவு எஞ்சினுக்கு, எவ்வளவு படகுக்குள் சூடேற்ற என்று அறிவிக்க வேண்டும். 60-க்கு 40 என்பது வழக்கமான பிரிப்பு. எஞ்சின் பங்குக்கு முழுத் தீர்வை. 2022 மார்ச் குறைப்புக்குப் பிறகு லிட்டருக்கு 52.95 பென்ஸ் ஒரு பக்கம், 10.18 பென்ஸ் மறுபக்கம். வட அயர்லாந்தில் 2021 அக்டோபர் முதல் எஞ்சினுக்குச் சிவப்பு டீசலே கூடாது. எங்கே பார்த்தாலும் எண்ணெய் விற்பனை ஏதோ ஒரு படகோடு முடிச்சுப் போடப்பட்டிருக்க வேண்டியிருக்கிறது.

பணம் வாங்கும் வழிக்கு வருவோம். முன்பு மென்பொருள் விலை ஒன்று, வங்கியின் கார்டு கமிஷன் வேறு. இப்போது மென்பொருள்காரரே கார்டையும் தேய்க்கக் கொடுத்து அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். மாதக் கட்டணம் மலிவாக இருப்பதன் ரகசியம் பல சமயம் இதுதான். வருடத்துக்கு 20 லட்சம் டாலர் கார்டு வழியாகப் போகும் மரீனாவில் அரை சதவீத வித்தியாசம் 10,000 டாலர். கமிஷனை வாடிக்கையாளர் தலையில் ஏற்றவும் வழி உண்டு. அதைத் தடுத்த பிளோரிடா சட்டத்தை 2015இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஆனால் விசா 2023 ஏப்ரல் முதல் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க விடுவதில்லை. டெபிட் கார்டில் வாங்கவே கூடாது. கார்டு எந்த வகை என்று கண்டுபிடித்துத் தானாகவே விடத் தெரியாத மென்பொருள் கடைக்காரரை மாட்டிவிடும். பெரிய எண்ணெய் பில்லுக்கும் ரிப்பேர் பில்லுக்கும் நேரடி வங்கி மாற்று வாங்கும் வசதி இருந்தால் இந்தத் தலைவலி பாதி தீரும்.

படகுத்துறைகளில் வாடிக்கையாளர் கார்டு எண்ணை ஒரு கோப்பில் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருந்த பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கார்டு பாதுகாப்பு விதிகளின் நான்காம் பதிப்பு 2025 மார்ச் 31 முதல் முழுசாக அமலில் இருக்கிறது. மென்பொருள் உண்மையான எண்ணுக்குப் பதில் ஒரு மாற்றுக் குறியை வைத்துக்கொள்ளும், அதை வைத்து மாதாமாதம் வாடகை எடுக்கும். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தக் குறிகள் யார் சொத்து? நாளை வேறு மென்பொருளுக்கு மாறும்போது அவற்றைப் புதிய கார்டு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், முன்னூறு வாடிக்கையாளருக்கும் போன் போட்டுக் கார்டு எண் கேட்க வேண்டியதுதான். விலை பேரம் பேசுவதைவிட இந்த ஒரு பத்திக்குப் பேரம் பேசுவது லாபம்.

ஆன்லைன் மென்பொருளா, அலுவலகத்திலேயே சர்வரா என்ற சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஆன்லைன்தான். ஆனால் 2022 செப்டம்பர் 28இல் இயன் புயல் ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் அடித்ததை நினைத்தால், நெட் இல்லாத வாரத்தில் என்ன செய்வது என்பதற்கு விடை கேட்டே ஆக வேண்டும். நெட் இல்லாமல் கார்டு வாங்கிப் பிற்பாடு அனுப்பும் வசதி பலவற்றில் உண்டு. அந்தக் கார்டு பின்னால் மறுக்கப்பட்டால் நஷ்டம் கடைக்காரருடையது. அதைவிட முக்கியம், தினமும் ஒரு தடவை படகுப் பட்டியல், இடம், சொந்தக்காரர் போன் எண், பாக்கி எல்லாம் ஒரு சாதாரணக் கோப்பாக வெளியே வந்து விழ வேண்டும். புயலுக்கு மட்டுமல்ல. 2023 ஜூனில் ப்ரன்ஸ்விக், 2024 மார்ச்சில் மரீன்மேக்ஸ் என்று படகுத் தொழிலின் பெரிய தலைகளே கணினித் தாக்குதலில் மாட்டின. 2024 ஜூனில் கார் டீலர்களுக்கு மென்பொருள் கொடுக்கும் சிடிகே நிறுவனம் தாக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான ஷோரூம்கள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தன.

இனி யாருக்கு எது? பம்பும் கடையும் மட்டும் உள்ள சிறு துறைக்குப் பெரிய மரீனா மென்பொருள் வீண். நல்ல கடை மென்பொருளும் படகு எண் கேட்கும் ஒரு கட்டமும் போதும். வழிப்போக்குப் படகு அதிகம் வரும் இடத்துக்கு இடப்பதிவில் பிறந்தது. வருட ஒப்பந்தக்காரர்கள் நிறைந்த இடத்துக்கு ஒப்பந்தத்தில் பிறந்தது. பட்டறை வருமானம் பாதிக்கு மேல் என்றால் வேலைச்சீட்டில் பிறந்ததை எடுத்துக்கொண்டு, அதன் இடப்பதிவு கொஞ்சம் முரடாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். 2025இல் பிளாக்ஸ்டோன் 565 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சேஃப் ஹார்பர் போன்ற சங்கிலிகள் நூற்றுச் சொச்சம் மரீனாக்களுக்கும் ஒரே அளவுகோல் தேடுகின்றன. அவர்கள் எதை எடுத்தார்கள் என்று பார்த்துத் தனி ஆள் அதையே எடுப்பது, ஊருக்குப் போட்ட பந்தலை ஒரு வீட்டு வாசலில் போடுகிற கதை.

மாறுவதற்கு நாள் பார்ப்பதும் முக்கியம். வடக்கு மாநிலங்களில் வசந்தத்தில் படகு இறக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கை வைக்கவே கூடாது. பிளோரிடாவில் குளிர்காலம்தான் சீசன். மே கடைசி தோதான காலம், ஆகஸ்டுக்கு மேல் புயல் பயம். பாதியில் நிற்கும் வேலைச்சீட்டுகளைப் புதியதற்கு மாற்ற முயலாமல் பழையதிலேயே முடித்து பில் போட்டுவிடுவது உத்தமம். வாடிக்கையாளர் கொடுத்து வைத்த முன்பணத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்க்க வேண்டும். இயந்திரத்தை நம்பி மாற்றிய முன்பணம்தான் ஆறு மாதம் கழித்துச் சண்டையாக வரும்.

பழைய பட்டியலை அப்படியே ஏற்றாமல், இரண்டு பேர் டேப்பும் அட்டையுமாகத் துறை முழுக்க நடந்து, பின்பலகையின் வலது மூலையில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை எழுதிக்கொண்டு, முன்மூக்கிலிருந்து பின்னால் நீச்சல் மேடை வரை நீளத்தை அளந்து வருவது ஒரு வார வேலை. காகிதத்தில் 42 அடி என்று இருக்கும் படகு டேப்பில் 46 வரும், வாடகை அடிக்கணக்கில்தானே. அடிக்கு மாதம் 20 டாலர் என்றால் அந்த ஒரு படகில் வருடத்துக்கு 960. நூறு படகில் பத்து இப்படி வந்தால் 9,600 டாலர், சிறு மரீனாவுக்குப் புது மென்பொருளின் செலவை முதல் வருடமே ஈடுகட்ட அதுவே போதலாம்.